நண்பகலுக்குள் காலியாகும் கோப்பை

அத்தியாயம் ஏழு

"நாய் மணி பார்க்காது, ரீச்சர்" என்றார் நேசையா.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்லி ஓய்வு பெற்ற மனிதர் அவர். நீதிமன்றங்கள் மூடிக் கிடந்த காலத்தில் வீட்டு முன்னறையில் 'தனியார் விசாரணைகள்' என்று ஒரு பலகை மாட்டிக்கொண்டார். சொந்தமாக ஒரு நல்ல வரி வாயில் வந்து விழும்போது அதைக் கொஞ்சம் சுவைத்துப் பார்ப்பது அவருடைய பலவீனம். இப்போதும் சுவைத்தார்.

மேசைக்கு எதிரே இருந்த மீனாம்பிகை ரீச்சருக்கு அந்த வரி விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை ஏற்றியவர் தான் என்பதை நேசையா பிறகு மறக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவள் கொண்டுவந்த கதை இதுதான். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையோரம் ஒரு சின்ன விகாரை இருந்தது. அதன் தலைவர் சுமணசார தேரர். தெற்கிலிருந்து இளம் வயதில் வந்து, ஊர்க்காரர் கூசும்படி நல்ல தமிழ் பேசியவர். சாதியைச் சொல்லி மற்றப் பள்ளிக்கூடங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய பிள்ளைகளைக் கூட்டி, விகாரை வளவுக்குள் கொட்டில் போட்டுப் படிப்பித்தார். முதல் வரிசையில் இருந்து படித்தவள் மீனாம்பிகை. பின்னாளில் அங்கேயே ரீச்சரும் ஆனாள். மந்திரிமார் வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய பௌர்ணமிப் போயா தினப் பிரசங்கங்கள் பத்திரிகையில் வந்தன. மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பிற்பகல், யாரென்று ஊர் சொல்ல விரும்பாத சிலர் வந்து விகாரையை எரித்தார்கள். தேரரை அதன் பிறகு கண்டவர் இல்லை. உடலைக் கண்டவரும் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பறுவப் போயாவுக்கும் மீனாம்பிகை ஒரு அகன்ற எனாமல் கோப்பையில் சோறும் கறியும் போட்டு, இடிந்த விகாரையின் முன்னால் பூ வைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டு வருவாள். மாலையில் போனால் கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். நாயென்றால் கழுவாது. யாரோ பசித்தவர்கள் என்று நினைத்து அவள் பேசாமல் இருந்தாள். ஆனால் கடந்த வைகாசிப் போயாவன்று, கெலிகொப்டர் சுட்டதால் வழியில் ஒரு வீட்டில் ஒதுங்கி நின்று, நண்பகல் கழிந்த பிறகுதான் அவளால் சோற்றை வைக்க முடிந்தது. மறுநாள் போனபோது கோப்பை வைத்தபடியே இருந்தது. எறும்பு மட்டும் ஏறியிருந்தது.

நாய் மணி பார்க்காது. பசித்தவனும் பார்க்கமாட்டான். நண்பகலுக்குப் பிறகு ஒரு பருக்கையும் தொடாதவர்கள் பிக்குமார்தான்.

"வெள்ளிக்கிழமை அவரின்ரை தங்கச்சி மாத்தறையிலை இருந்து வாறா" என்றாள் மீனாம்பிகை. இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து பாதை திறந்த பிறகு, லொறிக்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பியிருந்தாளாம். "உயிரோடை இருந்தால் கூட்டிக்கொண்டு போவா. இல்லையெண்டால் செத்தவைக்குக் குடுக்கிற தானம் குடுப்பா. எதெண்டு நான் சொல்லோணும்."

அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் நேசையாவைப் பார்க்கவில்லை.

"நான்தான் அவரை மறிச்சனான், ஐயா. எங்கடை ஆக்கள் உங்களைத் தொடமாட்டினம், போகாதையுங்கோ எண்டு. என்ரை சொல்லை நம்பி இருந்தவர்."

நேசையா பேச்சை மாற்றினார். மேடையில் இருந்த மனிதரை எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் அவர் எப்படி என்று கேட்டார். மீனாம்பிகைக்கு அதைச் சொல்வதில் ஒரு ஆறுதல் இருந்தது. பாம்பென்றால் நடுங்குவார். வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டைத் தெரியாதது போல முணுமுணுப்பார். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் தியானம். அந்த நேரம் வளவின் பின்பக்கம் ஒருவரும் போகக்கூடாது. அவள் சிறு பிள்ளையாகச் சேர்ந்த அன்று, தண்ணீர் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாளாம். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் அப்படியே இருக்க, அவர் வறண்ட தொண்டையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கையில் கொடுக்காத எதுவும் தன்னுடையது இல்லை என்று சிரித்தாராம். அதன் பிறகு கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைக்கூட அவர் கையில்தான் கொடுத்தாள். மழை நாளில் சிடுசிடுப்பார். புளியங்காய் என்றால் உயிர்.

நேசையா கேட்டார், சிரித்தார், தலையாட்டினார். புளியங்காயையும் வெண்கட்டியையும் ஒரே நிறையில் வைத்து மறந்துவிட்டார்.

அவள் போன பிறகு, வாசற்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கனிசியஸ் எழுந்தான். குருநகர்க்காரன், மினிபஸ் கொண்டக்டராக இருந்தவன். மினிபஸ்ஸை யாரோ 'அவசரத் தேவைக்கு' எடுத்துப் போனதால் துப்பறிய வந்தவன்.

"உந்த ஊரிலை எல்லாரும் செத்தவையைத்தான் தேடச் சொல்லுவினம்" என்றான். "உயிரோடை இருக்கிற ஒராளைத் தேடுறது இதுதான் முதல் தரம். எனக்குப் பழக்கமில்லை, ஐயா. பிழைச்சால் கோவிக்கக்கூடாது."

போயாவன்று காலையிலேயே இருவரும் போய், எரிந்த பள்ளிக்கூடத்தின் அரைச் சுவருக்குப் பின்னால் இருந்தார்கள். மீனாம்பிகை வந்தாள், கோப்பையைக் கல்லில் வைத்தாள், கும்பிட்டாள், போனாள். நடையில் ஒரு துள்ளல் இருந்ததை நேசையா கவனித்து மகிழ்ந்தார். பிறகு வெயில் ஏறியது. தெரு முனையில் இந்திய இராணுவத்து லொறி ஒன்று வந்து நின்றது, திரும்பிப் போனது. இவ்வளவு நேரத்துக்குத் தன் மினிபஸ் இரண்டு தரம் பருத்தித்துறை போய் வந்திருக்கும் என்று கனிசியஸ் முறைப்பட்டான். எரிந்த வாங்கொன்றில் உட்கார்ந்து தன் காற்சட்டை கறுத்துப் போனதையும் அந்தக் கணக்கில் சேர்த்தான்.

ஆள் கடற்கரைப் பக்கமிருந்து வந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த தாடி, தலையில் துவாய். இரு பக்கமும் பார்த்தார். குனிந்து, கல்லின் மேலிருந்த கோப்பையை இரண்டு கையாலும், பிள்ளையைத் தூக்குவதுபோல எடுத்தார். துவாயால் மூடிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

"ஐயா, உந்த நடையைப் பாருங்கோ" என்று கனிசியஸ் கிசுகிசுத்தான். "அது தரையிலை பழகின கால் இல்லை. வள்ளத்திலை நிண்டு பழகின கால்."

"மூண்டு வருசமாக் கரையிலை ஒளிச்சிருக்கிற மனிசன் வேறை எப்பிடி நடப்பார்? வாயை மூடிக்கொண்டு வாரும்."

பின்தொடர்ந்தார்கள். தாழங்கன்றுகளுக்கு நடுவில் கிடுகுக் குடிசை ஒன்று. வாசலில் கிழிந்த வலை காய்ந்தது. கிடுகு இடைவெளியால் பார்த்தபோது அவர் சீமெந்துத் தரையில் சம்மணமிட்டு, கோப்பையை முன்னால் வைத்து, கண்களை மூடியபடி இருந்தார். நேசையாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கனிசியஸ், சைக்கிளை எடும். ரீச்சரிட்டைப் போய், ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு சொல்லும்."

"முதல்லை ஆளோடை ஒரு சொல்லுக் கதைச்சுப்போட்டு..."

"நண்பகலை மதிச்சுச் சாப்பிடுற இன்னொராள் இந்தக் கரையிலை ஆர் இருக்கினம்? போம்."

கனிசியஸ் சைக்கிளை எடுக்கப் போனான்.

நேசையா குனிந்து உள்ளே நுழைந்தார். சோற்றை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது.

"வணக்கம், சாமி" என்றார். பதில் வரவில்லை. சிங்களத்தில் நலம் விசாரித்தார். அதற்கும் பதில் இல்லை. ஒளிந்திருப்பவரின் எச்சரிக்கை என்று அதைச் சரியாகவே எடுத்துக்கொண்டார். எதிரில் உட்கார்ந்து, தைரியம் கொடுப்பதற்காகப் பழைய கதை ஒன்றைச் சொன்னார். காணி வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்த தேரர், மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று தமிழிலேயே சொல்லி முடித்ததும், தான் சும்மா நின்றதும், போதாக்குறைக்குத் தன் தமிழில் அவர் ஒரு பிழை பிடித்ததும். அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி கேட்டார். தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது. தெரிந்த ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது வருகிற சிரிப்பு அது. நேசையா அதையும் பிழையாகவே படித்தார்.

"பயப்படாதையுங்கோ. மீனாம்பிகை ரீச்சர்தான் அனுப்பினவ."

அந்தப் பெயரில் அவர் நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அந்த நேரம் பார்த்துத் தேவாலயத்தின் நண்பகல் மணி அடித்தது.

பாதியில் நின்ற கை கோப்பையிலிருந்து விலகியது. ஒரு பருக்கையைத் தொடாமல், சுட்டதுபோல விலகியது. நான் சொன்னேன் பார் என்று நேசையா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

விலகிய அதே கை நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு வந்தது. இடது தோள், வலது தோள். மணி ஓயும்வரை உதடுகள் அசைந்தன.

நேசையா அசையவில்லை. குருநகரிலும் இந்தக் கரையிலும் நண்பகல் மணிக்குச் சிலுவை போடாத கத்தோலிக்கன் கை இல்லை. தூக்கத்திலும் போடும். வேடம் போடுகிறவன் முதலில் மறைக்க வேண்டியது அதை. வேடமே போடாதவனுக்கு மறைக்கத் தோன்றாது.

அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. கையில் கொடுக்காத எதுவும் தன்னுடையது இல்லை. தேரர் உயிரோடு இருந்திருந்தால், பசியில் மயங்கி விழுந்தாலும் கல்லில் வைத்த கோப்பையைக் குனிந்து எடுத்திருக்கமாட்டார். நண்பகல் விதியை வேலிக்கு வெளியே நின்றவனும் அறிவான். கையில் வாங்கும் விதி உள்ளே பழகியவர்களுக்குத்தான் தெரியும். மீனாம்பிகைக்குத் தெரியும், ஆனால் அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்ற ஆசையில் அவள் அதை நினைக்கவில்லை. நேசையாவுக்கு அந்தச் சாட்டும் இல்லை. அவர் தன் வரியை ரசித்துக்கொண்டிருந்தார்.

தெருவில் கனிசியஸ் இப்போது எந்த மதகைத் தாண்டியிருப்பான் என்று மனம் கணக்குப் போட்டது. கூப்பிட்டால் கேட்காத தூரம்.

"உங்கடை பேர்?"

"சிமியோன்."

"சாமி எங்கை?"

"நீங்கள் வந்த இடத்திலைதான். பூக்கல்லுக்குப் பின்னாலை, பூவரசுக்குக் கீழை. நான்தான் கிடங்கு வெட்டித் தாட்டனான்."

பிறகு அவர் சொன்னார். யாராவது வந்து கேட்கட்டும் என்று மூன்று வருடம் காத்திருந்தவர்போல, நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார். பின்னேரத் தியானம் என்று ஊர் நினைத்த நேரத்தில் தேரர் சமையல் குசினிக்குப் பின்னால் சிமியோனோடு தாயம் விளையாடினார். சிமியோன் வேலியால் ஏறிக் குதித்து வருவார். பிக்குமாருக்கு விளையாட்டு ஆகாது. அதனால் இருவரும் களவாகவே கூட்டாளிகள். தோற்றால் தேரருக்குக் கோபம் வரும், உருட்டிய சோகியைக் குற்றம் சொல்லுவார். வென்றால் நாள் முழுக்கப் பாட்டுத்தான். அவர் ஒருநாள், ஆட்டத்தின் நடுவில், இனி இருக்கமுடியாது சிமியோன், அக்கரையில் விட்டுவிடு என்றார்.

"ஓமெண்டனான். மத்தியானத்துக்கு முன்னம் வள்ளத்தோடை வாறன், கரையிலை நில்லுங்கோ, சாப்பாடும் கட்டிக்கொண்டு வாறன் எண்டனான்." சிமியோன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். "விடிய மச்சான் வந்தவன். அவரை ஏத்தின வள்ளமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது எண்டு சொன்னவன். நான் போகேல்லை. உந்தத் தாழைக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவர் நிண்டார். மணி அடிச்சது. பிறகும் நிண்டார். வெயில் சாய்ஞ்ச பிறகு திரும்பி விகாரைக்கு நடந்து போனார். நான் கூப்பிடேல்லை. அண்டைக்கு அவர் சாப்பிடவும் இல்லை."

அன்று பின்னேரமே நடந்ததை ஊர் அறியும்; இரவில் சிமியோன் தனியாகப் போய் அவரைப் புதைத்ததை மட்டும் அறியாது. முதற் போயாவன்று மீனாம்பிகை வைத்த சோற்றில் நாய் வாய் வைக்கப் போனதைச் சிமியோன் கண்டார். நாயைத் துரத்தினார். தேரருக்கென்று வைத்ததைக் கொட்ட மனம் வரவில்லை. அவருடைய நேரத்துக்குள் அது முடியவேண்டும் என்று தோன்றியது, சாப்பிட்டார். அன்றிலிருந்து எந்த நாளிலும் மணி அடித்த பிறகு அவர் எதையும் தின்றதில்லை. மனைவி சண்டை பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு மயிலிட்டியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டு வந்தது.

நேசையா வெளியே போனார். சைக்கிள் நிற்குமுன்பே மீனாம்பிகை பின் கரியரிலிருந்து குதித்துவிட்டாள். கையில் மடித்த காவித்துணி ஒன்று. எப்போதோ வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்ததாம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் என்று கனிசியஸ் பிறகு சொன்னான். அவன் நேசையாவின் முகத்தை ஒருதரம் பார்த்தான். சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

மரணதண்டனைத் தீர்ப்புகளை இரண்டு மொழியில் குரல் தளம்பாமல் சொன்னவர் நேசையா. இப்போது ஒரு மொழி போதாமல் இருந்தது.

"ரீச்சர், பிழை என்ரை. அவர் இல்லை. அண்டைக்கே இல்லை."

அவள் காவித்துணியை நெஞ்சோடு பிடித்தாள். உட்காரவில்லை, அழவுமில்லை. அப்ப ஆர் சாப்பிட்டது என்று மட்டும் கேட்டாள். நேசையா வழியை விட்டு விலகினார்.

குடிசைக்குள் சிமியோன் எழுந்து நின்றார். நேசையாவிடம் சொன்னதை இரண்டாம் தரம் சொன்னார். இந்தத் தரம் ஒன்று கூடுதலாக வந்தது.

"உங்களைப் பற்றியும் சொன்னவர், ரீச்சர். பிள்ளை போகவேண்டாம் எண்டு நிக்குது, அதுக்குச் சொல்லாமல்தான் வெளிக்கிடுறன் எண்டு. உங்கடை சொல்லுக்காக அவர் நிக்கேல்லை. நான் வராததாலைதான் திரும்பிப் போனவர்."

அவள் பார்வை தரையில், வெண்கட்டியால் கீறியிருந்த கட்டங்களில் போய் நின்றது. தாயக் கட்டம். மூலையில் சோகிகள் குவிந்து கிடந்தன.

"அப்ப நான் சொன்னதை அவர் கேக்கவே இல்லை" என்றாள். "தியானமாம். நாங்கள் சத்தம் போடாமல் கால் நுனியிலை நடந்தனாங்கள்."

நேசையா வாசலில் நின்றார். ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. வெள்ளிக்கிழமை தேரரின் தங்கையிடம் தானே வந்து சிங்களத்தில் பக்குவமாகச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

"வேண்டாம், ஐயா. நீங்கள் ஒருக்காச் சொன்னது காணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நேசையாவுக்கு உதவியாக இருந்திருக்கும். 'நாய் மணி பார்க்காது' என்று அன்றைக்குச் சொன்ன வாய் அவருடையதுதானா என்று யோசித்தார். கனிசியஸ் பக்கத்தில் வந்து நின்றான். நான் அப்பவே சொன்னனான் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை. நேசையாவின் தோளில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டான்.

மீனாம்பிகை காவித்துணியை விரித்து, பூவரசடியில் போடுவதற்கென்று திரும்பவும் மடித்தாள். அப்போதுதான் தரையில் இருந்த கோப்பையைக் கண்டாள். சோறு தொடாமல் இருந்தது.

"ஏன் சாப்பிடேல்லை?"

"மணி அடிச்சிட்டுது" என்றார் சிமியோன்.

அவள் குனிந்து கோப்பையை எடுத்தாள். அவர் கைகள் தொங்கியபடி இருந்தன. அவை உயரும்வரை கோப்பையை நீட்டியபடியே நின்றாள்.

"நீங்கள் பிக்கு இல்லை, சிமியோன் அண்ணை. இப்ப சாப்பிடலாம்."

அது மன்னிப்பா, தண்டனையா என்று நேசையாவுக்கு விளங்கவில்லை. அத்தனை வருடம் மற்றவர்களின் சொற்களுக்குப் பொருள் சொன்னவர், இந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டார்.

சிமியோன் வாங்கினார். உட்கார்ந்து முதற் பிடியை வாயில் வைத்தார். விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தார். மீனாம்பிகை மூலையில் இருந்த பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்தாள். அதைத் தரையில் வைக்கவில்லை. அவருடைய கை நீளும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.